வாரண்டி முடிந்து ஐந்து வாரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது: பணம் கட்டுவதா, வழக்குப் போடுவதா?

மூன்று வருட வாரண்டி முடிந்து ஐந்து வாரம்தான் ஆகிறது, வண்டி 46,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, சர்வீஸ் சென்டரில் 1,85,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்துவிட்டு "வாரண்டி முடிந்துவிட்டது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள், கட்டுவதா, வழக்குப் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: இந்த இன்ஜின் எதனால் கெட்டது, அந்தக் கோளாறு எப்போது ஆரம்பித்தது? அதற்குப் பதில் கிடைக்காமல் கட்டச் சொல்வதும் வழக்குப் போடச் சொல்வதும் குருட்டு யோசனை. அந்தப் பதில் இந்த நிமிடம் உங்கள் கார் பானட்டுக்குள் அப்படியே இருக்கிறது. இன்ஜினைப் பிரித்து, பாகங்களை டீசலில் கழுவி வைத்துவிட்டால் அது போய்விடும். ஆகவே இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல், நான் நேரில் இல்லாமல், இன்ஜினைப் பிரிக்கக் கூடாது, ஆயில், கூலண்ட் இரண்டையும் வடிக்கக் கூடாது, பேட்டரியைக் கழற்றக் கூடாது, ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகளை (கோடு) அழிக்கக் கூடாது." போனில் சொன்னால் போதாது.

நீங்கள் எழுதியதை வைத்து நடந்ததைக் கோத்துப் பார்க்கிறேன். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து பேர் ஏற்காடு கிளம்பியிருக்கிறீர்கள். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பதினான்காவது கொண்டை ஊசி வளைவுக்கு அருகில் சிவப்பு டெம்பரேச்சர் விளக்கு எரிந்தது. நிறுத்தி, இருபது நிமிடம் கழித்துக் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, மேலும் மூன்று கிலோமீட்டர் ஓட்டினீர்கள். விளக்கு அணைந்துவிட்டதால் சரியாகிவிட்டது என்று நினைத்தீர்கள். பிறகு 'டக் டக்' என்ற சத்தம், இழுவை குறைவு, வண்டி நின்றது. இப்போது செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றவில்லை. மூன்று சர்வீஸ் கம்பெனியில் செய்தது. நடுவில் ஒன்று வெளியே செய்தது, அதற்குப் பில் இல்லை.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது, கூலண்ட் குறைந்திருக்கிறது. கூலண்ட் ஏன் குறைந்தது, இன்ஜின் உண்மையிலேயே சீஸ் ஆகிவிட்டதா (உள்பாகங்கள் இறுகிச் சுற்ற முடியாமல் போய்விட்டதா), இந்த இரண்டையும் வண்டியைத் தொடாமல் நானும் சொல்ல முடியாது, எஸ்டிமேட் போட்ட சர்வீஸ் அட்வைசரும் சொல்லியிருக்க முடியாது. பிரிக்காமலே முழு இன்ஜினுக்கு எஸ்டிமேட் போடுவது வழக்கம். பின்னால் தொகை கூடினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்பதால் மோசமான நிலையை வைத்தே எழுதிவிடுவார்கள். அந்தத் தொகையைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

விளக்கு அணைந்ததைப் பற்றி முதலில். டெம்பரேச்சர் சென்சார் கூலண்டில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியான அளவைக் காட்டும். கூலண்ட் இறங்கி, சென்சார் வெறும் ஆவியிலோ காற்றிலோ நின்றால் அது குறைவாகக் காட்டலாம்; விளக்கும் அணைந்துவிடும். உள்ளே ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல்மூடி) சூடு ஏறிக்கொண்டே இருக்கும். இந்த வகைச் சிறு கார்கள் பலவற்றில் முள் கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, சூடு மீறினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரிவதே பொதுவாக 115, 120 டிகிரியைத் தொடும்போதுதான். நடுவில் எச்சரிக்கை எதுவும் இல்லை. இதை எழுதக் காரணம், "விளக்கு அணைந்த பிறகுதான் ஓட்டினேன்" என்ற உங்கள் வார்த்தை ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவுத் தாள்) அப்படியே பதிவாக வேண்டும் என்பதுதான். "கஸ்டமர் ஓவர்ஹீட்டிலேயே ஓட்டினார்" என்று அட்வைசர் சுருக்கி எழுதினால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கனவே போட்டிருந்தால், நடந்ததை நேரம், இடம் உட்பட மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

"மலை ஏற்றினீர்கள், அதனால்தான்" என்று சொன்னால் ஏற்க வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் ஏற்றம், அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். முழு ஆள் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் இதை ஏறுவது ஒரு காருக்குக் கொடுமை அல்ல, அதற்குச் சொல்லப்பட்ட வேலை. ஆனால் இந்தச் சாலை, ஏற்கனவே நலிந்திருக்கும் கூலிங் சிஸ்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வேகம் குறைவு, ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது, இன்ஜின் முழு லோடில் இருக்கிறது. எல்லாச் சூட்டையும் ஃபேன் ஒன்றே வெளியேற்ற வேண்டும். இன்னொன்று, உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலண்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் ரப்பரோ ஸ்பிரிங்கோ போயிருந்தால் சமவெளியில் தெரியாத குறை, பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் பொங்கி வெளியே வரும்.

கூலண்ட் குறைய வழக்கமான காரணங்கள் சில உண்டு. வாட்டர் பம்ப் சீல் கசிந்தால் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து கூலண்ட் வழிந்து, காய்ந்து, பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். தெர்மோஸ்டாட்டின் (சூட்டுக்கு ஏற்பக் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) ஹவுசிங் பிளாஸ்டிக் என்றால் அதன் கழுத்தில் விரிசல் விடும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் கசியும். ஹோஸ் கிளிப் தளரும். ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ் இவற்றில் ஒன்று போனால் கசிவே இல்லாமல் பொங்கும். உங்கள் வண்டியில் இதற்கு முன்பே ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. குளிர்ச்சி குறைந்து, நகர்ந்ததும் சரியானதா? அப்படியென்றால் ஃபேனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதை அப்போதே சர்வீஸில் சொல்லி, "ஏ.சி. கூலிங் குறைவு" என்று ஒரு ஜாப் கார்டில் எழுதியிருந்தால், அந்தத் தாளுக்கு இப்போது பெரிய மதிப்பு இருக்கிறது.

பில் இல்லாத அந்த வெளிச் சர்வீஸ்தான் உங்கள் பக்கத்துப் பலவீனம். அங்கே கூலண்ட்டை வடித்துவிட்டு போர் தண்ணீர் ஊற்றினார்களா என்று விசாரியுங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் கொண்டது. கெட்டிலில் வெள்ளைப் படிவு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹெட்டின் நீர்ப்பாதையிலும் படியும். துருத் தடுப்பு மருந்தும் நீர்த்துப் போவதால் அலுமினியம் அரிக்கும், பம்ப் சீல் தேயும். அப்படி நடந்திருந்தால் கம்பெனி பொறுப்பேற்காது, ஏற்க வேண்டிய நியாயமும் இல்லை. கம்பெனி ஊற்றிய கூலண்டே இருந்தால் நிறமும் தெளிவும் கண்ணுக்கே தெரியும். எத்தனை வருடத்தில், எத்தனை கிலோமீட்டரில் கூலண்ட் மாற்ற வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் பெரிதாக மாறுகிறது. உங்கள் ஓனர்ஸ் மேனுவலின் பராமரிப்பு அட்டவணையில் பாருங்கள். அட்டவணைப்படி அது 46,000-க்குள் வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

இனி சோதனை. வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய தடயத்தை அழிக்கும்.

முதலில் ஸ்கேனர். கோடு எண்களோடு, அந்தக் கோடு பதிவான நொடியின் விவரத்தையும் பிரிண்ட் கேளுங்கள்; அதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கூலண்ட் வெப்பம், ஆர்.பி.எம்., வேகம், லோடு எல்லாம் அதில் இருக்கும். பி 0217 என்றால் அதிக வெப்பம், பி 0300 முதல் பி 0304 வரை மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது), பி 0524 என்றால் ஆயில் பிரஷர் குறைவு. இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கையும் பல வண்டிகளின் இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வைத்திருக்கும். இது இருபுறமும் வெட்டும் என்பதை மறைக்க மாட்டேன். நீங்கள் மூன்று என்று சொல்லி அது பதினைந்து என்று காட்டினால் உங்கள் வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும். உண்மையைச் சொல்லியிருந்தால் அதுவே உங்கள் சாட்சி.

இரண்டாவது, வெளிப்புறப் படங்கள்: பம்ப், ஹோஸ் முனைகள், ரேடியேட்டர் விளிம்பு, ரிசர்வாயர் டேங்கின் அளவு, அண்டர் கவரில் காய்ந்த கறை. நல்ல வெளிச்சத்தில், கழுவுவதற்கு முன். காய்ந்து அடுக்கடுக்காகப் படிந்த கறை ஒரே நாளில் வராது. கசிவு வாரங்களாக, ஒருவேளை வாரண்டிக் காலத்திலேயே, இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கடினம்.

மூன்றாவது, மாதிரிகள். ஆயிலும் கூலண்ட்டும் தலா 200 மில்லி, சுத்தமான உலர்ந்த பாட்டிலில், ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில். ஆயிலை வடிக்கும்போது முதலில் விழுவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். தேதி, வண்டி எண், கிலோமீட்டர் எழுதி ஒட்டி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு செட் உங்களிடம். ஆயில் பாலாடை கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அதை வெட்டித் தாளை விரித்துப் பார்த்தால் பேரிங் தேய்ந்த மினுமினுப்பு தெரியும்.

நான்காவது சோதனைதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றக்கூடியது. செல்ஃப் அடித்துச் சுற்றவில்லை என்றால் உடனே "சீஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போன இன்ஜினில், நிறுத்தி வைத்த நேரத்தில் கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கி நிரம்பிவிடுவது உண்டு. தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வர முடியாமல் நின்றுவிடும். பார்ப்பதற்குச் சீஸ் ஆனது போலவே இருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) புல்லி போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி, இன்ஜின் சுற்றிவிட்டால் அது சீஸ் இல்லை. அப்போது போரஸ்கோப் கேமராவை அதே துளையில் விட்டு சிலிண்டர் சுவரைப் படமெடுக்கலாம். சுவரில் ஆழமான கோடுகள் இல்லையென்றால் பிளாக் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. திரும்பவே இல்லை என்றால் வலுக்கட்டாயமாகத் திருப்பக் கூடாது. அங்கேயே நிறுத்தி, பிரித்துத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன 'டக் டக்' எனக்குக் கவலை தருகிறது. பெரிய முனைப் பேரிங், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம், போகும்போது அப்படித்தான் தட்டும். ஆனால் ஆயில் சூட்டில் இளகி பிஸ்டன் ஆடினாலும் கிட்டத்தட்ட அதே சத்தம் வரும். இது இரண்டில் எது என்பதை எழுத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

கூலிங் சிஸ்டத்தைப் பிரிக்கும் முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு, பெரும்பாலும் 1.1 பார், கைப்பம்பால் ஏற்றிப் பத்து நிமிடம் வைத்தால் வெளிக்கசிவு எங்கே என்று தெரிந்துவிடும். மூடியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஃபேனை ஸ்கேனரிலிருந்தே ஓடவைத்துப் பார்க்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பின் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்கினால், அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பத்தில் திறக்கத் தொடங்க வேண்டும். மூடிய நிலையிலேயே சிக்கியிருந்தால் காரணம் கையில் கிடைத்தது. மலிவான சோதனைகள்தான், ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடியும்.

பிரிக்கும் நாளில் நீங்களும், முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக் ஒருவரும் நில்லுங்கள். வீடியோ எடுங்கள். ஹெட் தூக்கியதும் கேஸ்கட்டைப் பாருங்கள்: இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் கருகியிருந்தால், அந்தக் கருமை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது அது எத்தனை நாளாகக் கசிந்தது என்பதற்கு ஒரு குறிப்பு. ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ப்பட்டை வைத்து ஃபீலர் கேஜால் அளந்தால் வளைவு தெரியும். சிறு அலுமினிய ஹெட்டுகள் பலவற்றுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. உங்கள் மாடலின் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அந்த எண்ணைக் கேளுங்கள். வளைவு மட்டும்தான் என்றால் ஹெட் ஃபேஸிங் செய்து (அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்தி), புது கேஸ்கட், புது ஹெட் போல்ட் போட்டு முடிக்கலாம். சேலத்தில் அதற்கு நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்த பிறகே ஃபேஸிங். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும் ஆபத்து உண்டு என்பதால் உங்கள் விஷயத்தில் இந்தச் சோதனையை விடவே கூடாது.

கீழே சம்ப்பை (ஆயில் தொட்டி) கழற்றியதும் பேரிங்குகளை வரிசையாக, எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து, வெள்ளைத் துணியில் வைத்துப் படமெடுங்கள். எல்லாப் பேரிங்கும் ஒரே மாதிரி கருத்துத் தேய்ந்திருந்தால் ஆயில் பட்டினி அல்லது பொதுவான அதிவெப்பம். ஒன்று மட்டும் உருகி மற்றவை புதிதுபோல் இருந்தால் அந்த இடத்துக்கு ஆயில் போகும் பாதையிலோ, பாகத்திலோ, பொருத்தியதிலோ குறை; அது தயாரிப்புக் குறையை நோக்கிக் கை காட்டும். ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையைப் பார்க்கத் தவறாதீர்கள். கறுப்புக் கட்டியாக ஸ்லட்ஜ் அடைத்திருந்தால் ஆயில் மாற்றாத பழியை உங்கள் மேல் போடுவார்கள். ரப்பர் துணுக்குகள் அடைத்திருந்தால், ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் அந்தப் பெல்ட் கரைந்திருக்கிறது. அது வேறு கதை, பொறுப்பும் வேறு. பிஸ்டன்களின் பக்கவாட்டில் எல்லாவற்றிலும் நான்கு மூலைகளிலும் உரசல் இருந்தால் அதிவெப்பத்தால் வீங்கியது என்று பொருள்.

இனி யார் தருவார்கள் என்ற பகுதி. முதலில் வாங்கியபோது கொடுத்த எல்லா ரசீதுகளையும் எடுங்கள். ஆன்ரோடு விலையிலேயே எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்து விற்றிருக்கும் டீலர்கள் நிறைய, வாங்கியவர்களுக்கே நினைவிருக்காது. பிறகு சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணுக்கு ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அல்லது சர்வீஸ் கேம்பெயின் எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு எழுதிக் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, பாதுகாப்பையோ சுற்றுச்சூழலையோ பாதிக்கும் குறை இருந்தால் அரசு ரீகால் உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ரீகால் என்றால் வாரண்டி முடிந்ததா என்ற கேள்வியே எழாது.

இன்சூரன்ஸை அதிகம் நம்ப வேண்டாம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்காது. இன்ஜின் புரொடெக்ட் சேர்த்திருந்தாலும் அது பொதுவாக வெள்ளத்தில் தண்ணீர் புகுந்ததற்கும், அடியில் கல் தட்டி ஆயில் கொட்டியதற்கும்தான். கல் பட்டு ரேடியேட்டர் துளைத்திருந்தால் மட்டும் பிரிப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து சர்வேயரை வரவழையுங்கள்.

நிஜமான முதல் வாய்ப்பு குட்வில் வாரண்டி, அதாவது வாரண்டி முடிந்த பிறகும் கம்பெனி நல்லெண்ணத்தில் செலவை ஏற்பது. டீலருக்கு அதைக் கொடுக்கும் அதிகாரம் பொதுவாகக் கிடையாது; "முடியாது" என்று டீலர் சொன்னால் அது கம்பெனியின் பதில் அல்ல. தயாரிப்பாளரின் ஏரியா சர்வீஸ் மேனேஜர்தான் முடிவெடுப்பார். அவருக்கும் கஸ்டமர் கேருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள்: விற்பனைத் தேதி, வாரண்டி முடிந்த தேதி, ஓடிய கிலோமீட்டர், கம்பெனி சர்வீஸ் பில்கள், ஸ்கேனர் பிரிண்ட், படங்கள். பழைய பில்களில் "கூலண்ட் டாப் அப்" என்ற வரி இருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். மூடிய சிஸ்டத்தில் கூலண்ட் குறையக் கூடாது. வாரண்டிக் காலத்தில் இரண்டு சர்வீஸில் டாப் அப் செய்திருக்கிறார்கள், ஏன் குறைந்தது என்று யாரும் பார்க்கவில்லை என்றால், கோளாறு வாரண்டிக்குள்ளேயே தொடங்கியது என்பதற்கு அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த சாட்சி அது. குட்வில்லில் வழக்கமாக உதிரிபாக விலையில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்று, கூலியை உங்களிடம் விடுவார்கள். முழுத் தொகையும் கிடைப்பது அபூர்வம்.

என்ன கேட்பது நியாயம்? என் கணிப்பு இது. பம்போ ஹவுசிங்கோ ஃபேனோ 46,000-ல் போயிருந்து, கூலண்டும் சுத்தமாக இருந்தால், அந்தப் பாகத்தையும் ஹெட் வேலையையும் கம்பெனி ஏற்க வேண்டும் என்று உறுதியாக நில்லுங்கள். நின்ற பிறகு மூன்று கிலோமீட்டர் ஓட்டியதால் பேரிங் போயிருந்தால் அந்தப் பகுதியில் உங்கள் வாதம் பலவீனம். விளக்கு அணைந்தது உங்களுக்குச் சாதகம், சூடான இன்ஜினில் தண்ணீர் ஊற்றி மீண்டும் கிளப்பியது பாதகம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி முழு இன்ஜின் கேட்டால் அவர்கள் எல்லாவற்றையும் மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும். பிரித்துக் கேளுங்கள்.

மறுத்தால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், தயாரிப்பாளர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. காலவரம்பு இரண்டு வருடம். மாவட்ட ஆணையத்தின் வரம்பு, நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை. கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். சோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாத குறை என்றால் 38-வது பிரிவின் கீழ் பொருளைத் தகுந்த ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்தைக் கேட்கலாம். நிபுணர் அறிக்கை இல்லாமல் "தயாரிப்புக் குறை" என்று வெறுமனே எழுதிய புகார்கள்தான் பெரும்பாலும் தோற்கின்றன. சட்டம் மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சொன்னாலும் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். புதுக் கார் கேட்காதீர்கள். வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதைத்தான் சொல்கிறது என்றால் முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே ஒரு கார் வழக்கில் கூறிவிட்டது. பழுதுச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு கேளுங்கள். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். இலவசம், சில சமயம் கம்பெனியின் மேல்மட்டத்தை அதுவே அசைத்துவிடும். கார் டாக்ஸியாகவோ நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால் "வணிக நோக்கம்" என்ற தடை வரும், அப்போது வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவருக்கு அதில் விலக்கு உண்டு.

வழக்கு முடியும்வரை காரை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. தடயங்கள் பதிவான பின் பழுது பார்த்துக்கொள்ளலாம். பணம் கட்டும்போது, "என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டுக் கட்டுங்கள். டெலிவரி எடுக்கும்போது முழுத் திருப்தி என்று அச்சிட்ட தாளில் அப்படியே கையெழுத்திடாதீர்கள். மாற்றிய பழைய பாகங்கள் நீங்கள் காசு கொடுத்து மாற்றியவை. கேட்டு வாங்கி, துடைக்காமல், பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். எஸ்டிமேட்டைப் பாகம், கூலி, வெளிப்பட்டறை என்று பிரித்துக் கேளுங்கள். உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், பழைய 28-ஐப் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். முழு இன்ஜினுக்குப் பதில் ஹாஃப் இன்ஜின், அதாவது பிளாக், கிராங்க், பிஸ்டன் மட்டும், போதுமா என்றும் கேளுங்கள்.

பழைய இரும்புக் கடையிலிருந்து வரும் இன்ஜினை யாராவது பாதி விலைக்குச் சொன்னால் அதன் எண்ணுக்கு ஆவணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது பிளாக்கோ வேறு இன்ஜினோ போட்டால் பில்லை வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்றிப் பதிய வேண்டும். இல்லையென்றால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் கிளைம் வரும்போதும் சிக்கும். எது போட்டாலும் ரேடியேட்டரையும் ஹீட்டர் பாதையையும் சுத்தம் செய்து, கம்பெனி சொன்ன கூலண்ட்டை நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றச் சொல்லுங்கள். சிலிண்டர், பிஸ்டன் வேலை செய்திருந்தால் முதல் 1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அதுவரை தினமும் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வாயரின் அளவைப் பாருங்கள். ஒரு வாரத்தில் அது ஒரு விரல் இறங்கினாலும் மலைப் பக்கம் போகாமல் நேராகப் பட்டறைக்கே கொண்டு போய்விடுங்கள்.